காதுக்கு எட்டாத தூரம்

அந்த விதியை எழுதியவள் எல்சிதான். முகாமில் ஒரு பெண்ணிடம் தனியாகப் பேசும்போது அறைக் கதவு திறந்திருக்க வேண்டும். உள்ளே இருப்பவர்கள் வெளியே இருப்பவர்கள் கண்ணுக்குத் தெரிய வேண்டும். பேச்சு மட்டும் காதுக்கு எட்டக் கூடாது. சுனாமிக்குப் பிறகு தரங்கம்பாடியில், அவள் பிறந்த தெருவில், நிவாரணம் கொடுக்க வந்தவர்கள் பெண்களைக் கூடாரத்துக்குள் கூப்பிட்டுத் திரையை இழுத்துவிட்டதைப் பார்த்திருந்தாள். அதற்குப் பிறகு எழுதியது. பல தொண்டு நிறுவனங்கள் அதை அப்படியே எடுத்துக்கொண்டன.

2007 மே மாதம் பேராவூரணிக்குத் தெற்கே ஓர் இலங்கை அகதிகள் முகாமுக்கு வந்தாள். மூடிப்போன நெல் கிடங்கு, அதைச் சுற்றித் தகரக் கொட்டகைகள், அதற்கப்பால் தென்னந்தோப்பு. உள்ளூர் ஆட்கள் சிங்கப்பூருக்கும் திருப்பூருக்கும் போய்விட்டார்கள். தோப்புகளில் தேங்காய் உரிப்பது முகாம் ஆட்களின் வேலை. அரசு கொடுக்கும் உதவித்தொகை போக, ஒரு தொண்டு நிறுவனம் மாதாமாதம் அரிசியும் மண்ணெண்ணெயும் கொடுத்தது. அந்த நிறுவனத்தின் ஆட்கள் மேல் குறை இருந்தால் மக்கள் அதைச் சொல்ல வழி இருக்கிறதா, சொன்னவர்களுக்குப் பாதுகாப்பு இருக்கிறதா என்று பார்த்து, பணம் கொடுக்கும் வெளிநாட்டு அமைப்புக்கு அவள் அறிக்கை தர வேண்டும்.

நிறுவனத்தின் ஒருங்கிணைப்பாளர் கிளமென்ட் தஞ்சாவூரிலிருந்து ஜீப்பில் கூட வந்தார். கிடங்குச் சுவரில் மாட்டியிருந்த சிவப்புப் பெட்டியைக் காட்டினார்.

"ஒண்ணரை வருசமா ஒரு கம்ப்ளெய்ன்ட் கிடையாதுங்க மேடம். ஜீரோ."

சாவி யாரிடம் என்று எல்சி கேட்டாள். கிடங்கைப் பார்த்துக்கொள்ளும் குழந்தைராஜிடம். அவர் இடுப்பிலிருந்து சாவியை எடுத்துத் திறந்தார். ஐம்பது வயது, வெள்ளைச் சட்டை, கழுத்தில் மெல்லிய சிலுவை. பெட்டிக்குள் இரண்டு பல்லி முட்டைகள் இருந்தன.

"பல்லிக்குக்கூட இங்க குறை இல்லீங்க," என்றார்.

கிளமென்ட் சிரித்தார். அரிசி நிறுக்கிறவரிடம் புகார்ப் பெட்டியின் சாவி இருக்கக் கூடாது என்று எல்சி குறித்துக்கொண்டாள்.

பிள்ளைகள் டியூஷன் படிக்கும் கொட்டகையில் பெண்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள். கதவைத் திறந்து வைத்து அதற்கு ஒரு செங்கல்லை முட்டுக் கொடுத்தாள். எதிரே முற்றம், முற்றத்துக்கு அப்பால் கிடங்கின் வாசல். அங்கே குழந்தைராஜ் தராசுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். அவரிடம் மூட்டை தூக்கும் இருவர் படியில் உட்கார்ந்து பீடி குடித்தார்கள். அவர்களும் முகாம் ஆட்கள்தான்.

பெண்கள் வந்தார்கள், உட்கார்ந்தார்கள், பிரச்சினை ஒன்றும் இல்லை என்றார்கள், எழுந்தார்கள். எல்லோரும் ஒரே சொல்லையே சொன்னார்கள். நாற்காலி சூடாவதற்குள் அடுத்தவர் வந்தார்.

அருள்ஜோதி உட்காரவேயில்லை. பத்தொன்பது வயது. இரண்டு வயதில் மன்னாரிலிருந்து அம்மாவின் இடுப்பில் வந்தவள். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, அறுந்த செருப்பு வாரைக் கட்டைவிரலால் உள்ளே தள்ளியபடி, தரையைப் பார்த்துச் சொன்னாள்.

"அரிசி வாங்க என்னைக் கடைசியா வரச் சொல்லுவார். கடைசியா வந்தா கதவைச் சாத்துவார்."

எல்சி பேனாவை எடுக்கவில்லை. யார் என்று கேட்கவில்லை. எத்தனை தடவை என்று கேட்டாள். செருப்பு வார் உள்ளே போய்விட்டது. பெண் நிமிர்ந்து, வாசலைப் பார்த்துப் பிரச்சினை இல்லை என்பதுபோல் தலையை ஆட்டிவிட்டு வெளியேறினாள். மற்றவர்களைவிடக் குறைந்த நேரம்தான் நின்றிருந்தாள்.

அவளுக்கு அடுத்து வந்தவள் அவளுடைய அம்மா மரியபுஷ்பம். தேங்காய் உரிப்பவள். உள்ளங்கை தோல்போல இருந்தது. பிரச்சினை இல்லை என்றாள். ஆனால் எழுந்துகொள்ளவில்லை. வேலைக்கு நடுவில் நாற்காலி கிடைத்த பெண். மன்னாரில் அவளிடம் ஆடுகள் இருந்தன. ஒரு கிடாய்க்கு முன்னங்கால் முறிந்து, பனை மட்டையை வைத்துக் கட்டி, அது மூன்று காலில் நடந்தே மந்தைக்கு முன்னால் போகுமாம். படகு ஏறிய அன்று அதை அவிழ்த்துவிட்டு வந்தாள். யார் தின்றார்களோ. கையை ஆட்டி ஆட்டி, கிடாய் நடந்ததைக் காட்டிச் சொன்னாள். ஓரிடத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எல்சி அவளைப் பேச விட்டாள். அருள்ஜோதி சொன்னதுதான் அவள் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. ஆட்டைப் பற்றிக் கேட்பது அதை மறைக்க உதவியது.

மூட்டை தூக்கும் இருவரில் ஒருவன் பீடியை அணைத்துவிட்டு எழுந்து நின்று பார்த்தான்.

சாயங்காலம் எல்சி ஜீப்பில் ஏறும்போது குழந்தைராஜ் வந்து ஜன்னலருகே நின்றார்.

"அந்தம்மா ரொம்ப நேரம் பேசினாங்களே. அழுதாங்க போல."

"யாரு என்ன பேசினாங்கன்னு சொல்லக் கூடாதுங்க."

"நீங்க சொல்ல வேணாம் மேடம்," என்றார் குழந்தைராஜ்.

எல்லோரைப் பற்றியும் அவள் அப்படித்தான் சொல்லியிருப்பாள். விதி அதுதான். ஆட்டைப் பற்றிப் பேசினாள் என்று சொல்லியிருக்கலாம் என்பது பேராவூரணியில் விடுதி அறைக்குப் போய் முகம் கழுவும்போதுதான் தோன்றியது. நாளை சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள்.

அதே நேரத்தில் தோப்பில் மரியபுஷ்பம் கடைசிக் குவியலை உரித்துக்கொண்டிருந்தாள். நிலத்தில் நட்ட இரும்புக் கம்பி, கூர்முனை மேலே. தேங்காயை அதில் குத்தி, திருகி, மட்டையைப் பிளக்க வேண்டும். மூட்டை தூக்கும் இருவரும் வந்தார்கள். ஒருவன் அவள் முதுகில் உதைத்தான். மட்டைக் குவியலில் முகம் குப்புற விழுந்தாள். மற்றவன் தலைமயிரைப் பிடித்துத் தூக்கினான். வெள்ளைக்காரன் காசுக்கு வந்தவளிடம் என்ன சொன்னாய் என்று கேட்டான்.

ஆட்டைப் பற்றிச் சொன்னேன் என்றாள்.

அறைந்தான். மறுபடி கேட்டான்.

"ஆட்டுக் கதை கதைச்சனான். கடவுளறிய, ஆட்டுக் கதை."

அவர்களுக்கு அது தங்களைக் கேலி செய்வதாகப் பட்டது. ஒருவன் அவள் வலது கையைப் பிடித்து இழுத்து உள்ளங்கையைக் கம்பியின் மேல் வைத்தான். மற்றவன் தன் குதிகாலால் மணிக்கட்டை மிதித்தான். கம்பி தோலைத் துளைத்து, எலும்புகளுக்கு நடுவே ஏறி, மேலே வந்தது. அவள் கத்தினாள். தோப்பில் கேட்க யாரும் இல்லை. கையைக் கம்பியிலிருந்து அவளேதான் எடுக்க வேண்டியிருந்தது. அவர்கள் போய்விட்டார்கள்.

காலையில் எல்சி வந்தபோது மரியபுஷ்பம் தன் கொட்டகைக்குள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கையில் சுற்றிய பழைய சேலைத் துணி கறுத்துப்போயிருந்தது. ஒரு கண் மூடியிருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போனால் எப்படி ஆயிற்று என்று கேட்பார்கள், அதனால் போகவில்லை. மூலையில் அருள்ஜோதி ஒரு வாளியில் ரத்தத் துணியை அலசிக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை.

நடந்ததை மரியபுஷ்பம் சொன்னாள். சொல்லிவிட்டு இடது கையால் எல்சியின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"நான் ஒண்டும் சொல்லேல்லை எண்டு அவங்களிட்டைச் சொல்லுங்கோ மிஸ். ஆட்டுக் கதைதான் கதைச்சனான் எண்டு சொல்லுங்கோ. மற்றக் கையும் போனா நான் என்னெண்டு உரிக்கிறது?"

நேற்று நாளை என்று தள்ளிவைத்த வார்த்தை எல்சியின் வாயில் இருந்தது. ஜீப்பருகே சொல்லியிருந்தால் அது வெறும் ஆட்டுக் கதையாக இருந்திருக்கும். இன்று சொன்னால், அப்படியானால் வேறு யார் என்று கேட்பார்கள். மீதிப் பெண்களை ஒவ்வொருவராக அந்தக் கம்பிக்குக் கொண்டுபோவார்கள். அவர்களில் ஒருத்தி வாளிக்கு முன்னால் குந்தியிருந்தாள்.

"சொல்ல முடியாதும்மா."

"ஏன்? உண்மைதானே?"

"உண்மைதாங்க."

"பிறகென்ன? வாய் நோகுமோ?"

மரியபுஷ்பம் திறந்திருந்த ஒற்றைக் கண்ணால் எல்சியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"அப்ப ஆரோ சொல்லியிருக்கு."

மூலையில் தண்ணீர்ச் சத்தம் நின்றிருந்தது. மரியபுஷ்பம் திரும்பினாள். அருள்ஜோதி கைகளை வாளிக்குள் வைத்தபடி அசையாமல் இருந்தாள்.

மரியபுஷ்பம் எழுந்துபோய் மகளின் தலையில் அடித்தாள். இடது கையால். கன்னத்தில், காதில், முதுகில். வாளி கவிழ்ந்து சிவந்த தண்ணீர் பாயின் அடியில் ஓடியது. எல்சி குறுக்கே போனாள். முழங்கையால் நெஞ்சில் குத்துப்பட்டுக் கதவில் விழுந்தாள். அருள்ஜோதி தடுக்கவில்லை, அழவும் இல்லை. அடிபடுவதற்குத் தலையைக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"உவளுக்குச் சொல்லுவாய். எனக்குச் சொல்ல மாட்டாய். நான் ஆரடி உனக்கு?"

என்ன நடந்தது என்று அவள் கேட்கவில்லை. கேட்கப் பயந்தாள். கை ஓய்ந்ததும் மகளின் தலையைத் தன் வயிற்றோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் நின்றாள். பிறகு அவளை விட்டுவிட்டு, முற்றத்தைக் கடந்து கிடங்குக்குப் போனாள்.

அன்று அரிசி கொடுக்கும் நாள். வரிசை வாசலுக்கு வெளியே வரை நின்றது. குழந்தைராஜ் நிறுத்துக்கொண்டிருந்தார். கிளமென்ட் பக்கத்தில் நாற்காலி போட்டுத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். மரியபுஷ்பம் வரிசையைத் தாண்டி மேசைக்கு முன்னால் போனாள்.

"நான்தான் சொன்னனான்," என்றாள். எல்லோருக்கும் கேட்கும்படி. "நீ என்னில கை வைச்சதை அந்த மிஸ்ஸிட்டை நான்தான் சொன்னனான். வேற ஒருத்தரும் இல்லை."

குழந்தைராஜ் அவளை மேலிருந்து கீழே பார்த்தார். வீங்கிய கண், நரை, கறுத்த துணி.

"உன்னையா? கண்ணாடியில மூஞ்சியைப் பாத்துட்டு வா, போ."

வரிசையில் இரண்டு பேர் சிரித்தார்கள். அவரும் சிரித்தபடி சாக்கைத் தன் பக்கம் இழுக்க மேசையில் கையை ஊன்றினார். மரியபுஷ்பம் தராசுத் தட்டிலிருந்த ஐந்து கிலோ எடைக்கல்லை இடது கையால் தூக்கி அந்தக் கையின் மேல் போட்டாள். விரல்கள் நொறுங்கின. அவர் குனிந்து கையைப் பிடித்துக்கொண்டபோது கல்லை மறுபடி தூக்கி முகத்தில் இடித்தாள். தாடை ஒரு பக்கமாகப் போயிற்று. பற்கள் அரிசியில் விழுந்தன. மூன்றாவது முறை ஓங்கினாள். மூட்டை தூக்கும் இருவரும் அவளைக் கீழே தள்ளி, கிளமென்ட் வந்து விலக்கும்வரை உதைத்தார்கள். உதைபடும்போது அவள் சத்தம் போடவில்லை.

போலீஸ் ஸ்டேஷனில் அவளைத் தரையில் உட்கார வைத்திருந்தார்கள். கையில் இப்போது வெள்ளைக் கட்டு. குழந்தைராஜைத் தஞ்சாவூருக்கு ஆம்புலன்சில் கொண்டுபோயிருந்தார்கள்.

வாசலிலேயே கிளமென்ட் எல்சியை நிறுத்தினார். குரலைத் தணித்துப் பேசினார். அரிசி அளவில் தகராறு என்று முடித்துவிடலாம். அதுதான் எல்லோருக்கும் நல்லது. இந்தப் பொம்பளைக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன், சீக்கிரம் வெளியே வந்துவிடுவாள். இதை எழுதினால் பணம் கொடுப்பவர்கள் நிறுத்திவிடுவார்கள். அப்புறம் அரிசியே இருக்காது, குறை சொல்ல யாரும் இருக்க மாட்டார்கள்.

எல்சி அவரைத் தாண்டி உள்ளே போனாள்.

பெண் எஸ்.ஐ. மேசைக்குப் பின்னால் இருந்தார். ஹலீமா என்று பெயர்ப்பலகை. நாற்காலியைக் காட்டினார்.

"அந்த ஆளு தன்கிட்ட தப்பா நடந்துக்கிட்டான்னு இந்தம்மா சொல்றாங்க. உங்ககிட்ட அதை நேத்தே சொன்னாங்களாம். என்ன சொன்னீங்கன்னு கேட்டா வாயைத் திறக்க மாட்டேங்கிறாங்க. எனக்குச் சந்தேகமா இருக்குங்க. வேற யாரோ பொண்ணு இருக்குன்னு தோணுது. முகாம்ல இருக்கிற பொம்பளைப் பிள்ளைங்க எல்லாத்தையும் கூப்பிட்டு விசாரிக்கலாமான்னு பாக்கிறேன். நீங்க சொல்லுங்க. இந்தம்மா உங்ககிட்ட ஏதாவது சொன்னாங்களா?"

மரியபுஷ்பம் தரையிலிருந்து எல்சியைப் பார்த்தாள். காலையில் மணிக்கட்டைப் பிடித்துக் கேட்டதற்கு நேர் எதிரானதை இப்போது அந்த ஒற்றைக் கண் கேட்டது.

எல்சி எத்தனையோ முகாம்களைப் பற்றி எழுதியிருந்தாள். ஒருவர் சொல்லாததை அவர் சொன்னதாக எழுதியதில்லை.

"சொன்னாங்க," என்றாள்.

"என்ன சொன்னாங்க?"

அவளிடம் இருந்தது அந்த இரண்டு வாக்கியங்கள்தான்.

"அரிசி வாங்கக் கடைசியா வரச் சொல்லுவாராம். கடைசியா வந்தா கதவைச் சாத்துவாராம்."

எஸ்.ஐ. எழுதினார். பேனாவின் சத்தம் கேட்டது.

மரியபுஷ்பம் அதை முதல்முறையாகக் கேட்டாள். யாருக்கு என்று காலையிலேயே தெரிந்திருந்தது. என்னவென்று இப்போதுதான் தெரிந்தது. அரிசி கொடுக்கும் நாளெல்லாம் மகளை அனுப்பியவள் அவள்தான். ஏன் இவ்வளவு நேரம் என்று திட்டியவளும் அவள்தான். முகத்தில் எதுவும் வரக் கூடாது. மடியில் இருந்த வலது கையை இடது கையால் அழுத்தினாள். வெள்ளைக் கட்டின் நடுவில் சிவப்பு ஊறிப் பெரிதாகிக்கொண்டே வந்தது.

எஸ்.ஐ. நிமிர்ந்தார். "அப்படித்தானாம்மா?"

"ஓம்."

"எத்தனை தடவை?"

எல்சிக்கும் அது தெரியாது. மரியபுஷ்பம் வாசலைப் பார்த்தாள். கதவு திறந்திருந்தது. ரோட்டுக்கு அந்தப் பக்கம், புளியமரத்தடியில், அருள்ஜோதி நின்றுகொண்டிருந்தாள். இங்கே பேசுவது அவளுக்குக் கேட்காது. ஆனால் நன்றாகத் தெரிந்தாள். கன்னத்தில் அம்மாவின் விரல்கள் பதிந்த வீக்கம்கூடத் தெரிந்தது.

அவளைப் பார்த்தபடியே மரியபுஷ்பம் பதில் சொன்னாள்.

"கனக்கத் தடவை."