பெரியப்பாவின் பிரவுசரில் மஞ்சள் வரவில்லை

எங்கள் வீட்டில் கல்யாணப் பத்திரிகையை முதலில் சுவாமி காலடியில் வைப்போம். அடுத்தது குடும்பத்தில் மூத்தவருக்கு. அவர் வாங்கிப் பார்த்து "ஆகட்டும்" என்று சொன்ன பிறகுதான் மற்றவர்களுக்கு. இந்த வரிசையை மாற்றச் சொல்லி அப்பாவிடம் பேசி ஜெயித்தவர் மயிலாப்பூரில் யாரும் இல்லை. எங்கள் மூத்தவரோ, அதாவது பெரியப்பா, அமெரிக்காவில் கிளீவ்லாந்தில் பாலம் கட்டுகிற என்ஜினீயர். 98 தை மாதக் கடைசியில் எனக்கு முகூர்த்தம். இருந்தது இருபது நாள். தபாலில் போட்டால் அவர் கைக்குப் போகவே பன்னிரண்டு நாள் ஆகும்.

"அதுக்கென்ன, ஒரு வெப் பேஜ் போட்டுடலாம்" என்றார் மாப்பிள்ளை.

மாப்பிள்ளை அச்யுத்துக்கு அதுதான் தொழில். தி.நகரில் ஒரு பாத்திரக்கடையின் மாடியில் ஆபீஸ். உலகத்தில் எங்கோ சில பேர் கூடி, வெப் பக்கங்களை இனி இப்படித்தான் எழுத வேண்டும் என்று விதி வகுப்பார்களாம். பிரவுசர் செய்கிறவர்கள் அதில் பாதியை ஏற்றுக்கொண்டு புது வெர்ஷன் விடுவார்கள். கம்ப்யூட்டர் மாத இதழோடு இனாமாக வரும் சிடியில் அது வந்து இறங்கிய அன்றே அச்யுத் ஏற்றிவிடுவார். பார்க்கிறவர்களிடம் அது இருக்கிறதா என்பதெல்லாம் அவருக்கு இரண்டாம் பட்சம். என்னைப் பெண் பார்க்க வந்தபோது தனியாகப் பேச ஐந்து நிமிஷம் கொடுத்தார்கள். அதில் நாலு நிமிஷம் ஸ்டைல் ஷீட்டைப் பற்றிச் சொன்னார். பக்கத்தின் நிறம், ஓரம், எது எங்கே உட்கார வேண்டும் என்பதையெல்லாம் தனியாக எழுதிவைக்கிற புது முறையாம். நான் கோபாலபுரத்தில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். அல்ஜீப்ரா வகுப்பில் பிள்ளைகளின் மனசு எப்படி இருக்கும் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

பக்கம் தயாரானதும் ஆபீஸுக்கு வரச் சொல்லி அப்பாவுக்கும் எனக்கும் காட்டினார். அழகாகத்தான் இருந்தது. சந்தன நிறத்தில் பின்னணி, குங்கும நிறத்தில் ஆங்கில எழுத்து. தமிழ் எழுத்தைத் திரையில் கொண்டுவருவது தனி ராமாயணம் என்று விட்டுவிட்டார். நாலு மூலையிலும் மஞ்சள்.

"மஞ்சள் சதுரமா இருக்கே" என்றேன்.

"படமே வைக்கலை. எல்லாம் ஸ்டைல் ஷீட்லயே பண்ணினது. வட்டம் அடுத்த வெர்ஷன்ல வரும்" என்றார்.

அப்பா திரையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பக்கத்தின் முகவரி ஈமெயிலில் கிளீவ்லாந்து போயிற்று. மறுநாள் காலையில் நான் பள்ளிக்குக் கிளம்பும்போது போன் அடித்தது. பெரியப்பா பேசினால் தெருவுக்கே கேட்கும்.

"சங்கரா, ஆத்துல எல்லாரும் சௌக்கியமா?"

"சௌக்கியம் அண்ணா" என்றார் அப்பா.

"அப்போ இந்தக் காரியக் கடுதாசி யாருக்கு?"

பெரியப்பா ஆபீஸில் இருந்தது பழைய பிரவுசர். ஸ்டைல் ஷீட் என்றால் என்னவென்றே அதற்குத் தெரியாது. சாம்பல் நிறப் பக்கம், கறுப்பு எழுத்து, எல்லா வரியும் இடது ஓரத்தில் ஒண்டிக்கொண்டு நின்றிருக்கிறது. பொட்டு மஞ்சள் கூட இல்லை. இறந்தவர்களுக்குச் செய்கிற அபர காரியத்துக்கு வருகிற கடுதாசியில்தான் மஞ்சள் இருக்காது. "ஆரம்பமே இப்படி இருக்கு. யோசிச்சுச் சொல்றேன்" என்று போனை வைத்துவிட்டார்.

அச்சடித்த பத்திரிகைகள் நானூறும் பீரோவில் இருந்தன. "அண்ணா சரின்னு சொல்ற வரைக்கும் ஒண்ணு கூட வெளியே போகாது" என்றார் அப்பா. சற்றுக் கழித்து, "தேதியைத் தள்ளிப் போட்டுடலாமா?" என்று அம்மாவிடம் கேட்டார். எங்கள் வீட்டில் தள்ளிப் போட்ட எதுவும் பிறகு நடந்ததில்லை.

பள்ளி விட்டதும் நேரே தி.நகர் போனேன். அப்பா போனில் சொல்லியிருந்ததால் அச்யுத்துக்கு ஏற்கெனவே விஷயம் தெரியும். வருத்தம் எதுவும் தெரியவில்லை.

"தப்பு நம்ம பேஜ்ல இல்லை. விதி வந்து ஒரு வருஷத்துக்கு மேல ஆறது. அவர் பிரவுசர் பழசு, புதுசு ஏத்திக்கோங்கோன்னு மெயில் போட்டுட்டேன்."

"பெரியப்பாவுக்கா?"

"ஆமாம். எங்கேருந்து இறக்கிக்கணும்னும் எழுதியிருக்கேன்."

நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். "விதி வந்தாச்சு, பிரவுசர் ஏத்துண்டாச்சு. பெரியப்பா ஏத்துக்கலையே. என்ன பண்றதா உத்தேசம்?"

"இன்னும் ரெண்டு வருஷத்துல எல்லார்கிட்டயும் வந்துடும்."

"கல்யாணம் பதினெட்டு நாள்ல. அவர் ஆபீஸ்ல என்ன இருக்கோ அதுல தெரியற மாதிரி பண்ணுங்கோ."

"அதுக்குப் பழையபடி டேபிள் போட்டுக் கட்டம் கட்டமா அடைக்கணும். அது அசிங்கம் ஹம்சா. முறையே இல்லை."

"அப்போ முறையா உங்க பிரவுசரையே கல்யாணம் பண்ணிக்கோங்கோ."

சொல்லிவிட்டு இறங்கிவந்தேன். வீராப்பெல்லாம் பஸ் ஏறும்வரைதான். சீட் கிடைத்ததும் அழுதேன்.

மூன்றாம் நாள் அச்யுத் சவரம் செய்யாத முகத்தோடு வீட்டுக்கு வந்தார். அடையாறில் ஒரு பிரவுசிங் சென்டரில் பழைய பிரவுசர் உள்ள கம்ப்யூட்டரைத் தேடிப் பிடித்து, இரண்டு நாளாக அங்கேயே உட்கார்ந்திருக்கிறார். கட்டம் கட்டமாக அடைத்து, நாலு மூலையிலும் மஞ்சளைப் படமாகவே ஒட்டி, எழுத்துக்களை இழுத்து நடுவில் நிறுத்தியிருக்கிறார். "கூடவே ஒரு மெயிலும் எழுதினேன்" என்றார். என்ன எழுதினார் என்று நாலு தடவை கேட்ட பிறகுதான் சொன்னார்: "மன்னிக்கணும். தப்பு என்னோடதுதான்."

அடுத்த நாள் காலை போன் வந்தது. "மஞ்சள் வந்துடுத்து சங்கரா. ஆகட்டும்." அப்பா போனை வைத்த கையோடு பீரோ சாவியை எடுத்தார்.

கல்யாணத்துக்கு முதல் நாள், மாப்பிள்ளையை ஊர்வலமாக அழைத்துவரும் ஜானவாசத்தன்று சாயங்காலம் பெரியப்பாவும் பங்கஜம் பெரியம்மாவும் மண்டபத்துக்கு வந்து சேர்ந்தார்கள். பெரியம்மா கைப்பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்து என்னிடம் கொடுத்தாள். அச்யுத்தின் முதல் பக்கம்தான். எழுத்தெல்லாம் இடது ஓரத்தில் ஒண்டிக்கொண்டிருந்தது. கீழே பிரிண்டர் போட்ட தேதி, அமெரிக்கக் கணக்கில் பெரியப்பா கோபமாகப் பேசிய அதே நாள். நாலு மூலையிலும் நிஜ மஞ்சள், விரலால் இட்டது.

"அன்னிக்கே ஆபீஸ்லேருந்து எடுத்துண்டு வந்தார். ஹால்ல நின்னுண்டு உங்கப்பாகிட்ட கத்திண்டிருக்கச்சேயே நான் உள்ள மஞ்சளைக் குழைச்சுட்டேன்" என்றாள் பெரியம்மா. "அதோட முடிஞ்சுது. மறுநாள் சரின்னு சொல்லி, டிக்கெட்டும் போடறதா இருந்தார்."

"அப்புறம் ஏன் பெரியப்பா எங்களைத் தவிக்க விட்டேள்?"

பெரியப்பா மாப்பிள்ளையைப் பார்த்தார். மாப்பிள்ளை கோட் சூட்டில் விறைப்பாக நின்றிருந்தார். "மறுநாள் போய்ப் பார்த்தா, உங்க பிரவுசர் பழசுன்னு ஒரு மெயில். பேஜ் தப்பா வந்தா மஞ்சள் இட்டுக்கலாம். இதுக்கு எதை இடறது? குழந்தையை இப்படிப்பட்டவன்கிட்ட கொடுக்கறதான்னு ஆயிடுத்து. இன்னொரு மெயில் வரதா பார்ப்போம்னு உக்காந்திருந்தேன்."

அச்யுத் காகிதத்தை வாங்கி வெகுநேரம் பார்த்தார். புது வெர்ஷன், பழைய வெர்ஷன் என்று ஏதாவது ஆரம்பிக்கப் போகிறார் என்று எனக்குப் பகீரென்றது. அவர் கோட்டோடு குனிந்து இருவருக்கும் நமஸ்காரம் செய்தார். எழுந்து, "உங்ககிட்ட என்ன பிரவுசர் இருக்குன்னு நான் முதல்லயே கேட்டிருக்கணும்" என்றார்.

பெரியப்பா அவர் தோளில் தட்டினார். எனக்கு அன்றைக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. மறுநாள் காலை பயமில்லாமல் கழுத்தை நீட்டினேன்.