உரத்தைத் திருப்பித் தந்த நிலம்

மழை நின்ற ஐம்பதாம் நாள், மெர்போக் கிராமத்தில் காஞ்சனாவின் சோளக்கொல்லை அவள் போட்ட உரத்தைத் திருப்பித் தந்தது. மாலையில் வேரோரம் புதைத்த பாஸ்பேட் மணிகள் காலையில் ஒன்று குறையாமல் மண்மேல் கிடந்தன. சுங்கை பட்டாணி நகரில் வேலை பார்த்த தொழிற்சாலை மூடிய பிறகு, அவள் கணவர் இருளப்பன் இந்த இரண்டு ஏக்கரை நம்பித்தான் இருந்தார். மறுநாள் அவரே இரட்டிப்பாகப் போட்டார், இரட்டிப்பாகத் திரும்பியது. இலை விளிம்புகள் ஊதா நிறமாகிக்கொண்டு வந்தன. அவருக்குச் சோறு இறங்கவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே வாய்க்குள் செடி வரிசைகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

விவசாய அலுவலகத்திலிருந்து வந்த குணசுந்தரி தரையில் காதை வைத்தாள். உள்ளே குறட்டை கேட்டது. படிவத்தில் 'உறக்கம்' என்று எழுதிக்கொண்டாள்.

“பாஸ்பரஸ் உள்ளேதான் இருக்குக்கா. நம்ம செம்மண்ணுல இருக்கிற இரும்பு அதை இறுக்கிப் பிடிச்சிருக்கு. கரைச்சு விடுற நுண்ணுயிருங்க ஈரமில்லாம தூங்குது. அதுங்க எந்திரிக்காம மூட்டை மூட்டையா கொட்டினாலும் வேருக்குப் போய்ச் சேராதுலா.”

உரத்தை நிறுத்திவிட்டு முதலில் மண்ணை எழுப்பலாம் என்றாள் காஞ்சனா. இருளப்பன் நம்பவில்லை. “உரத்தை நிறுத்தினா ஜாகோங் பயிரே செத்துடும். உனக்கு விளையாட்டா இருக்கா?” என்று காஞ்சனாவிடம் கத்தினார். கடைசியில் கொல்லையை நடுவில் கயிறு கட்டிப் பிரித்துக்கொண்டார்கள். தன் பாதியில் அவர் உரம் போட்டார். விடியும்போதெல்லாம் அது முழங்கால் உயரத்துக்குக் குவிந்து நின்றது. அவளோ மட்கிய கோழி எருவைப் பரப்பி, செம்பனை எண்ணெய் ஆலையில் பழம் உதிர்த்தபின் கிடைத்த வெற்றுக் குலைகளால் மண்ணை மூடி, அரிசி களைந்த நீரையும் கிணற்றின் அடியில் கலங்கிக் கிடந்ததையும் கொஞ்சம் கொஞ்சமாக விட்டாள். பத்து நாள் ஒன்றும் நடக்கவில்லை. தன் கையாலேயே பயிரைக் கொன்றுவிட்டோமோ என்று ஒவ்வோர் இலையாகத் திருப்பிப் பார்த்தாள். குனிந்து மண்ணிடம், “எந்திரிங்கப்பா” என்று கெஞ்சினாள்.

பதினோராம் நாள் குறட்டை நின்றது. அவள் பாதி நிலம் மெல்ல மேலெழும்பி, மெல்லத் தாழ்ந்தது. ஒரு வாரத்தில் புதுக் குருத்துகள் பச்சையாக வந்தன. இருளப்பன் அவள் பாதிக்கு வந்து குருத்துகளைத் தொட்டுப் பார்த்தார். பிறகு கயிற்றை அவிழ்த்துச் சுருட்டினார்.

“குலை இன்னும் மிச்சமிருக்கா?” என்று கேட்டார்.

அவர் பாதியில் மூன்றில் ஒரு பங்கே தேறியது. மழை ஏப்ரல் கடைசியில்தான் வந்தது. நிலம் மூச்சு விடுவது அதன் பிறகும் நிற்கவில்லை. பக்கத்துத் தார்ச்சாலையும் கூடவே ஏறி இறங்குகிறது. பள்ளி வேன் ஓட்டும் தர்மலிங்கம் அங்கே வந்ததும் வேகத்தைக் குறைத்து, சாலை தாழும்வரை காத்திருந்து, கியர் மாற்றிக்கொண்டு போகிறார்.