நரி ஆயா

தாமான் குடியிருப்பை விட்டு மெயின் ரோட்டில் ஏறுமுன் பேக்டரி வேன் கடைசியாக நிற்பது தங்கமணியின் வீட்டு வாசலில்தான். இன்னும் விடிந்திருக்காது. வேன் வளைவில் திரும்பும் சத்தம் கேட்டதுமே அவள் கேட்டைத் திறந்துவிடுவாள். பெண்கள் இறங்கி, தூங்குகிற பிள்ளைகளை அவள் தோளுக்கு மாற்றிவிட்டுத் திரும்பவும் ஏறிக்கொள்வார்கள். அந்த நேரத்தில் யாரும் வாய் திறக்கக் கூடாது, டிரைவர் செல்வா ஹாரன் அடிக்கக் கூடாது என்பது பல வருஷத்துச் சட்டம். பிள்ளை விழித்தால் அழும். பிள்ளை அழுதால் தாய்க்கு வேனில் ஏறக் கால் வராது. ரவாங்கில் இருக்கிற பேக்டரிக்கு அதெல்லாம் ஒரு கவலையா?

அந்தத் திங்கட்கிழமை வேன் நிற்கவில்லை.

கேட்டைப் பிடித்தபடி நின்றிருந்த தங்கமணியின் முன்னால் அது நேராகப் போய்விட்டது. உள்ளே வரிசையாகத் தலைகள் தெரிந்தன. ஒன்றுகூடத் திரும்பவில்லை. கூடத்தில் மெத்தைகள் விரித்திருந்தன, அடுப்பில் பால் சூடாகிக்கொண்டிருந்தது. அவள் தனுஜாவின் அம்மா ஷாமளாவுக்குப் போன் போட்டாள். மணி அடித்தது, பிறகு யாரோ துண்டித்தார்கள். பிரமிளாவுக்குப் போட்டாள். அதுவும் அப்படியே.

விஷயத்தைச் சொன்னவள் கங்கா. அவள் வேனில் போகிறவள் அல்ல. கோலா சிலாங்கூர் டவுனில் ஒரு கிளினிக்கில் வேலை. விடிந்த பிறகு மகன் லோகேஸ்வரனை நடத்திக் கூட்டி வருவாள். வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"க்கா, கோவிச்சுக்காதீங்க. நான் நம்பல. ஆனா வேன்ல உங்கள பத்தி பேச்சு நல்லா இல்ல."

"என்னா பேச்சு?"

"தனுஜாவ நீங்க ஸ்டோர்ல போட்டு பூட்டுனீங்களாம். இருமலுக்குன்னு ஷாமளா தேன் குடுத்து விட்டுச்சுல்ல, அத நீங்களே குடிச்சிட்டீங்களாம். பிள்ளை கதற கதற நீங்க கால நீட்டி தூங்குனீங்களாம். தனுஜாவே சொல்லுச்சாம் க்கா. அவள இப்ப அடுத்த வரிசை புஷ்பவள்ளி வீட்டுல விட்டுருக்காங்க. மத்தவங்களும் அங்கதான்."

பிள்ளை பார்க்கிறவளுக்கு இருக்கிற ஒரே சொத்து பெயர்தான். அது போய்விட்டால் நாளைக்கு யார் அவள் கேட்டில் பிள்ளையை விடுவார்கள்? தனுஜா தொப்புள் காயாத குழந்தையாக வந்தவள். குப்புற விழுந்ததும் தவழ்ந்ததும் இந்தக் கூடத்தில்தான். முதல் அடி எடுத்து வைத்ததையும் ஷாமளாவுக்கு முன்னால் தங்கமணிதான் பார்த்தாள். அந்தப் பிள்ளையா இப்படிச் சொன்னது?

நாற்காலியில் உட்கார்ந்து யோசித்தாள். ஸ்டோர். தேன். காலை நீட்டித் தூங்குவது. எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. பார்த்த மாதிரி என்ன, பார்த்தேதான் இருக்கிறாள், ஒரு தடவையா இரண்டு தடவையா!

"அடிப்பாவி," என்றாள் தலையில் கை வைத்துக்கொண்டு. "அது நானில்ல கங்கா. அது நரி."

வாரநாட்களில் பிற்பகல் ஒரு கார்ட்டூன் வரும். கரடிக் குடும்பம், தமிழ்ப் பேச்சு. அதைப் போட்டால்தான் பிள்ளைகள் வாயில் சோறு இறங்கும். அதில் அம்மா கரடிக்கு எந்நேரமும் இடுப்பில் ஏப்ரன், கையில் கேக். அப்பா கரடி தொப்பியும் பெட்டியுமாக வீட்டுக்கு வருவார், வந்ததும் எல்லோரும் அவரைக் கட்டிக்கொள்வார்கள். அண்மையில் அம்மா கரடிக்குப் பூக்கடையில் ஒரு வேலை கிடைத்துவிட்டது. போதாதா? கதை எழுதியவன் அதைப் படாதபாடு படுத்திவிட்டான். அம்மா கரடி குட்டியை ஒரு நரி ஆயாவிடம் விட்டுப் போனது, நரி அதைப் பூட்டி வைத்துவிட்டுத் தேனைக் குடித்துக் குறட்டை விட்டது.

முதல்முறை பார்த்தபோதே தங்கமணிக்கு எரிச்சல்தான். அவளுடைய அம்மா விடியுமுன் ரப்பர் வெட்டப் போனவள். தங்கமணி வளர்ந்தது தோட்டத்து ஆயாக் கொட்டகையில். அவளோடு அங்கே கிடந்த அத்தனை பிள்ளைகளுக்கும் அம்மா வேலையில்தான் இருந்தாள். தாய் வேலைக்குப் போவது என்ன இந்தப் பக்கத்தில் நேற்று முளைத்த சங்கதியா? இருந்தும் சேனலை மாற்றாமல் விட்டாள். மாற்றினால் சாப்பாட்டு நேரத்தில் ரகளை.

தாய்மார்களுக்கு இது ஏன் தெரியவில்லை என்பதும் விளங்கியது. கார்ட்டூன் ஓடுகிற நேரத்தில் அவர்கள் ரவாங்கில் கையுறைகளைச் சோதித்துப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருப்பார்கள். வீட்டுக்கு வரும்போது பிள்ளை பாதித் தூக்கத்தில் இருக்கும். எந்தப் பிள்ளை என்ன பார்க்கிறது என்று எந்தத் தாய் கண்டாள்?

போனில் சொல்லி யாரும் நம்பப்போவதில்லை. எடுக்கவே மாட்டேன் என்கிறார்கள். "நாளைக்கு ஒரு நாள் வேலைக்கு லேட்டா போ, காலையில நான் வீட்டுல இருக்க மாட்டேன்," என்று கங்காவிடம் சொல்லிவிட்டு, அந்தக் கார்ட்டூனைப் போனில் தேடி எடுத்து வைத்தாள்.

மறுநாள் விடியுமுன் தங்கமணி கேட்டில் நிற்கவில்லை. நடுரோட்டில் நின்றாள்.

செல்வா பிரேக் போட்டதில் உள்ளே இருந்தவர்கள் முன்சீட்டில் முட்டிக்கொண்டார்கள். "என்னாக்கா இது, செத்து கித்து போனா யாரு பதில் சொல்றது?"

"கதவ தொற லா."

ஏறினாள். உட்கார இடமில்லை. கதவை ஒட்டியிருந்த படியிலேயே உட்கார்ந்துகொண்டாள். ஷாமளா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வேன் நகர்ந்தது. மெயின் ரோட்டின் இரண்டு பக்கமும் செம்பனை மரங்கள் கறுப்பாக ஓடின.

"நான் ஒண்ணும் பேசப் போறதில்ல. இத பாருங்க. பாத்துட்டு நீங்க பேசுங்க."

போனைத் தூக்கிப் பிடித்து, சத்தத்தைக் கூட்டி வைத்தாள். பின்சீட்டுக்காரிகள் எழுந்து நின்று எட்டிப் பார்த்தார்கள். நரி ஆயா குட்டியின் கையைப் பிடித்து ஸ்டோருக்குள் தள்ளிப் பூட்டியது. அலமாரியிலிருந்து தேன் பாட்டிலை எடுத்தது.

"ஐயையோ, தேனு!" என்றாள் பிரமிளா. "அடியே ஷாமளா, இதானேடி தனுஜா சொன்னா?"

நரி காலை நீட்டிப் படுத்துக் குறட்டை விட்டபோது வேன் முழுக்கச் சிரிப்பு. செல்வாவும் கண்ணாடியில் பார்த்துச் சிரித்தான். தங்கமணிக்கு நெஞ்சு நிமிர்ந்தது. ஜெயித்துவிட்டோம் என்றுதான் நினைத்தாள். நிறுத்தியிருக்கலாம், மறந்துவிட்டாள். படம் ஓடிக்கொண்டே இருந்தது.

சாயந்திரம் அம்மா கரடி வந்தது. குட்டி அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னது. அம்மா கரடி குட்டியைக் கட்டிக்கொண்டு, "நான் வேலைக்குப் போனதுதான் தப்பு," என்றது. கழுத்தில் தொங்கிய வேலை அட்டையைக் கத்தரிக்கோலால் வெட்டி அடுப்பில் போட்டது. மறுநாள் காலை ஏப்ரனும் கேக்குமாக அது வீட்டில் நிற்க, காட்டு மிருகங்கள் எல்லாம் கை தட்டின.

வேனில் யாரும் சிரிக்கவில்லை. ஒவ்வொருத்தி கழுத்திலும் பேக்டரி டேக் தொங்கியது.

"அந்தக் கரடிக்கு வீட்டு லோன் யாரு கட்டறா?" என்று கடைசியில் பிரமிளாதான் கேட்டாள். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். அது முன்பு கேட்ட சிரிப்பு இல்லை.

ஷாமளா சிரிக்கவில்லை. தன் டேக்கைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தாள். அதன் நாடாவில் ஓரிடத்தில் டேப் சுற்றியிருந்ததை தங்கமணி அப்போதுதான் கவனித்தாள்.

"தனுஜா எல்லாத்தையும் சொல்லி முடிச்சதும் கத்தரிக்கோல கொண்டாந்து என் மடியில வச்சா க்கா," என்றாள் ஷாமளா, யாரையும் பார்க்காமல். "வச்சிட்டு என் மூஞ்சையே பாத்துக்கிட்டு நின்னா. நான் எடுக்கலன்னதும் அவளே நாடாவ வெட்டிட்டா. நான் அடிச்சிட்டேன். ஆயா வீட்டுல அடி வாங்கித்தான் பிள்ளை இப்படி ஆயிட்டான்னு நெனச்சேன்." தங்கமணி பக்கம் திரும்பினாள். "அவ உங்கள மாட்டிவிடல க்கா. என்னைய வீட்டுல இருக்க வைக்க பாத்துருக்கா."

தங்கமணி இரவெல்லாம் வார்த்தைகளை அடுக்கி வைத்திருந்தாள். நறுக்கென்று நாலு கேட்டுவிட்டுத்தான் இறங்குவது என்ற முடிவில் ஏறியவள். ஷாமளாவின் முகத்தைப் பார்த்தபோது அதில் ஒன்றே ஒன்றுதான் வெளியே வந்தது.

"என்னைய ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லா."

"கேட்டிருக்கணும் க்கா."

வேன் ரவாங்குக்குப் போய்ச் சேர்ந்தது. இறங்கும்போது பிரமிளா அவள் கையை ஒரு நிமிஷம் பிடித்துவிட்டுப் போனாள். ஷாமளா கடைசியாக இறங்கினாள்.

"நாளைக்கு அவள எழுப்பி கூட்டியா," என்றாள் தங்கமணி.

"முழிச்சா அழுவா க்கா."

"அழட்டும்லா. நீ எங்க போற, எப்ப வருவன்னு நீயே சொல்லு. நாம சொல்லலன்னா அதுக்கு அந்தக் கரடிதான் சொல்லும்."

புதன்கிழமை வேன் நின்றது. மற்றவர்கள் வழக்கம்போல் தூங்குகிற பிள்ளைகளைத் தோள் மாற்றினார்கள். தனுஜா மட்டும் தலைவாரி, கண்களைக் கசக்கிக்கொண்டு, தாயின் கையைப் பிடித்து நடந்து வந்தாள். ஷாமளா குனிந்து, "அம்மா வேலைக்கு போறேன். ராத்திரி சோறு திங்கறதுக்குள்ள வந்துருவேன்," என்றாள். தனுஜா டேக்கைப் பார்த்தாள். அது கழுத்திலேயே இருந்தது. அப்புறம் போட்டாள் பாருங்கள் ஒரு கத்தல், உள்ளே படுத்திருந்த பிள்ளைகள் எல்லாம் எழுந்து கூடவே அழுதன, எதிர்வீட்டில் விளக்கு எரிந்தது. பல வருஷத்துச் சட்டம் அன்றோடு போனது. ஷாமளா அழுதுகொண்டேதான் வேனில் ஏறினாள்.

பிற்பகல் கரடிகள் வந்தபோது தங்கமணி டிவியை அணைத்துவிட்டாள். ரகளை நடந்தது. ஆளுக்கொரு பிடியாகச் சோற்றை உருட்டிக் கொடுத்துச் சமாளித்தாள்.

இருட்டியதும் தனுஜா கேட்டுக்குப் போய்விட்டாள். தூங்கு என்றால் தூங்கவில்லை, உள்ளே வா என்றால் வரவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு வண்டி வெளிச்சத்துக்கும் எம்பி எம்பிப் பார்த்தாள். கடைசியில் வேன் வந்தது. ஷாமளா இறங்கினாள். பிள்ளை ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளவில்லை. நின்ற இடத்தில் நின்று தாயை ஏற இறங்கப் பார்த்தாள்.

"வந்துட்ட," என்றாள். நம்ப முடியாத குரலில்.

ஷாமளா அப்படியே சிமெண்டுத் தரையில் யூனிபாரத்தோடு உட்கார்ந்துவிட்டாள். பிள்ளையை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு வாய்விட்டு அழுதாள். தனுஜா நாடாவில் இருந்த டேப்பை விரலால் தடவிக்கொண்டிருந்தாள்.

தங்கமணிக்குக் கோபம் முழுக்க ஆறிவிட்டது என்று சொல்ல முடியாது. உள்ளே போய்ப் பிள்ளையின் பையை எடுத்து வந்தாள். கூடவே அந்தத் தேன் பாட்டிலையும். அடியில் ஒரு சொட்டுக்கூட மிச்சமில்லை.

"எல்லாத்தையும் உம் மவதான் குடிச்சா," என்று அதை ஷாமளாவின் கையில் வைத்தாள். "இருமல் இன்னும் நிக்கல. நாளைக்கு வரும்போது வேற வாங்கியா."