ஷூவோடு தூங்குகிறவர்கள்

அவள் அம்மாவின் வலது ஷூவின் கயிற்றை ஒரு இழுப்பு இழுத்தாள். முடிச்சு சத்தமில்லாமல் அவிழ்ந்தது. நாளெல்லாம் நடந்தாலும் தளராது; அவிழ்க்க வேண்டுமென்றால் ஒரே இழுப்பு. அம்மா கண்டுபிடித்த முடிச்சு. எழுத்துக் கூட்டிப் படிக்க வருவதற்கு முன்பே அவளுக்கு அந்த முடிச்சு போட வந்துவிட்டது.

காலையில் பாதி டீ குடித்துவிட்டு, மீதியை ஆறட்டும் என்று வைத்த அம்மா அதைத் திரும்ப எடுக்கவில்லை. டம்ளர் இன்னும் ஜன்னலில் இருந்தது.

உடலைத் துடைக்க வேண்டும். ஷூவையும் காலுறையையும் உருவியபோது அவள் கை நின்றது. கணுக்காலுக்கு மேலே கண்டக்டர் வேலையில் பஸ்ஸிலும் வெயிலிலும் கறுத்துப் போயிருந்த கால், கீழே வேறு யாருடையதோ மாதிரி வெளுத்திருந்தது. குளியலறை வாசல்வரை ஷூ, வெளியே வரும்போதும் ஷூ. அவளுக்கு நினைவு தெரிந்து இந்தப் பாதங்களைப் பகல் வெளிச்சத்தில் பார்த்ததில்லை. உள்ளங்காலில் குறுக்கே ஒரு பழைய தழும்பு, கசங்கிய துணியைப்போல.

“அதான் அது,” என்றார் மாமா. அம்மாவின் தம்பி. வழக்கம்போல வெறுங்காலோடு நின்றிருந்தார். “கண்ணாடித்துண்டு. படை வந்த ராத்திரி, பாலத்துக்கு இந்தப் பக்கமே குத்திடுச்சு. அதோட மலை அடிவாரம்வரைக்கும் நடந்தா.”

“உங்களையும் தூக்கிக்கிட்டு.”

“என்னையும் தூக்கிக்கிட்டு.”

அதனால்தான் அம்மா அவரைக் கடைசிவரை ‘மூட்டை’ என்று கூப்பிட்டாள். பள்ளிக்கூடத்தில் சரித்திர வாத்தியாராக இருந்தபோதும், தலை முழுக்க நரைத்த பிறகும் மூட்டைதான். மூட்டை சாப்பிட்டானா, மூட்டைக்கு மாத்திரை வாங்கினாயா.

வாசலில் தகனக்கூடத்து வண்டி வந்து நின்றது. வந்தவர் நடுத்தர வயதுக்காரர், குரலைத் தாழ்த்திப் பேசத் தெரிந்தவர். விதிகளைச் சொன்னார். நகை கூடாது, பிளாஸ்டிக் கூடாது. கட்டிலடியில் கிடந்த ஷூவைப் பார்த்துவிட்டு, “இதப் போட்டு அனுப்பிடாதீங்கம்மா. ரப்பர், ஆணி, ரெண்டுமே உலைக்கு ஆகாது,” என்றார்.

“கழட்டியாச்சு,” என்றான் அவள் கணவன்.

“மறுபடியும் போடணும்,” என்றாள் அவள்.

மாமாதான் மெதுவாகச் சொன்னார்: “விடும்மா. இனிமே எங்க ஓடப்போறா?”

“நான் அம்மாகிட்ட சரின்னு சொல்லியிருக்கேன் மாமா.”

போன வாரம்தான் அந்தப் பேச்சு. படுத்த இடத்திலிருந்தே அம்மா கண்டக்டர் தோரணையில் விரலை நீட்டினாள். “என்னை வெறுங்காலோட அனுப்பினே, திரும்பி வந்து உதைப்பேன்.”

“உதைக்கிறதுக்கு ஷூ வேணுமேம்மா.”

“அதைத்தான்டி நானும் சொல்றேன். போட்டு விடுவியா, மாட்டியா?”

“போட்டு விடுறேன்.”

அம்மா அதற்குமேல் அதைப் பேசவில்லை. ஒருமுறை ‘சரி’ வாங்கிவிட்டால் டிக்கெட் கிழித்துக் கொடுத்த மாதிரிதான் அவளுக்கு.

பாடப்புத்தகத்தில் அந்தப் படையெடுப்புக்கு ஒரு பெயரும் வருடமும் இருந்தன. மாமா அதை ஆண்டுதோறும் நடத்தினார். காரணங்கள், போக்கு, உடன்படிக்கை, விளைவுகள். ஒருநாள் அவர் பாடக்குறிப்பைச் சாப்பாட்டு மேஜையில் உரக்கப் படித்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அம்மா சமையலறையிலிருந்து கேட்டாள், “விளைவுகள்ல என் கால் எத்தனாவது பாயிண்ட் மூட்டை?” மாமா விழுந்து விழுந்து சிரித்தார். மறுநாளிலிருந்து அந்தத் தலைப்பை நடத்தி முடித்ததும், “இதுல சேராததும் உண்டு” என்று ஒரு வரி சேர்த்துக்கொண்டார்.

வீட்டில் அதற்குப் பெயர் ‘வெறுங்கால்’. பன்னிரண்டு வயதுப் பெண்ணொருத்தி தூக்கத்திலிருந்து எழுந்து, தம்பியை முதுகில் போட்டுக்கொண்டு, வாசலில் ஷூவைத் தேட நேரமில்லாமல் ஓடியது. அதற்குப் பிறகு அவள் ஷூவைக் கழற்றித் தூங்கவில்லை. பஸ் கண்டக்டர் ஆனாள், கல்யாணம் ஆனது, மகள் பிறந்தாள். மகளுக்கும் ஷூ. மாதம் ஒருமுறை விடியலில் கண்டக்டர் விசிலை ஊதுவாள். உடனே எழுந்து, பையை எடுத்து, பின்வாசலில் நிற்க வேண்டும். தெருவே சிரித்தது. “விசிலம்மா வீட்டுல நோயாளிகூட பஸ் ஸ்டாப்புல நிக்கிற மாதிரிதான் படுக்கணும்,” என்பார் பக்கத்து வீட்டுக்காரர்.

இரண்டாவது படை வந்தபோது மகள் நான்காம் வகுப்பு. அன்றும் விசில். ஒத்திகை என்றுதான் நினைத்தாள். ஊருக்கு வெளியே இருந்த கல்குவாரியை அடைந்து திரும்பிப் பார்த்தபோதுதான் ஊர் எரிவது தெரிந்தது. அவர்களுக்குப் பின்னால் தெரு முழுவதும் இரவு உடையில் வந்தது. பக்கத்து வீட்டுக்காரர் காலில் ரத்தம் வழிய, கையில் ஒரு குழந்தையின் ஒற்றைச் செருப்பைப் பிடித்துக்கொண்டு வந்தார். அம்மா ஒன்றும் சொல்லிக்காட்டவில்லை. போர்வையைக் கிழித்து ஒவ்வொருவர் காலாகக் கட்டினாள்.

அம்மாவோடு இதுதான் தொல்லை. அவள் சொன்னது நடந்துவிடும். நடக்காமல் போயிருந்தால் அவளைப் பயந்தாங்கொள்ளி என்று ஒதுக்கிவிட்டு, மகள் தன் இஷ்டத்துக்குத் தூங்கியிருக்கலாம்.

“துணின்னா?” என்று அவள் தகனக்கூடத்து வண்டிக்காரரைக் கேட்டாள்.

“எப்படிம்மா?”

“வெறும் பருத்தி. ரப்பர் இல்ல, ஆணி இல்ல, பசைகூட இல்ல. துணியில ஷூ தெச்சா?”

அவர் யோசித்தார். “பருத்தின்னா பரவாயில்ல. ஆனா சாயங்காலத்துக்குள்ள வந்துடணும்.”

“அதெல்லாம் வந்துடும்.”

பஸ் டிப்போவில் சீட் உறை தைக்கும் பிரிவில் அவளுக்கு வேலை. கனமான துணி அவள் சொன்னபடி கேட்கும். ஆனால் வீட்டில் இருந்த வெட்டுத்துண்டுகளைப் புரட்டினால் எல்லாம் ரெக்ஸின். கித்தான் வேண்டும். பழைய, முரட்டு, கலப்பில்லாத கித்தான். அது எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. ஆனாலும் இன்னொரு முறை துணி மூட்டைகளைப் புரட்டினாள்.

பிறகு தன் படுக்கையறைக்குப் போய், கட்டிலின் கால்மாட்டில் விரித்திருந்த கித்தான் துண்டை உருவினாள். ஷூவோடு தூங்கும் அவள் கால் அழுக்கு மெத்தையில் படாமலிருக்கக் கல்யாணமான மாதத்தில் கணவன் வாங்கிவந்து விரித்தது. “பொண்ணோட ரெண்டு ஷூவையும் சேத்துக் கட்டி வெச்சிட்டாங்க,” என்று அவன் அப்போது எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தான். துண்டு மட்டும் அங்கேயே இருந்துவிட்டது.

இப்போது அவன் கதவருகில் நின்று பார்த்தான். கத்தரிக்கோலை எடுத்துக் கொடுத்தான்.

அளவுக்கு அன்றைய செய்தித்தாளை அம்மாவின் உள்ளங்காலில் ஒட்டிப் பிடித்துப் பென்சிலால் வரைந்தாள். முதல் பக்கத்தில் ஏதோ ஒரு நாட்டின் வரைபடம், எல்லையைத் தாண்டிப் போகும் கறுப்பு அம்புகள். பாதத்தின் கோடு அம்புகளின்மேல் ஏறி இறங்கியது. அவள் கோட்டோடு வெட்டினாள்.

தையல் இயந்திரம் கித்தானின் மூன்று மடிப்பில் திணறியது. சக்கரத்தைக் கையால் சுற்றி ஊசியைக் கடத்தினாள். குதிகாலில் இரட்டைத் தையல். அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை, வேலை சரியாக வந்தது. அம்மாவின் நிதானம் தன் கையில் இருப்பதை அவள் கவனித்தாள். அதை வாங்கிக்கொண்டு பயத்தை மட்டும் திருப்பிக் கொடுக்க முடியுமா என்று தெரியவில்லை.

“கயிறு?” என்றார் மாமா. “ஷூக் கயிறு நைலானாச்சே.”

அவள் ஆணியில் தொங்கிய விசிலை எடுத்தாள். அதன் பின்னல் கயிறு பருத்தி. இரண்டாக வெட்டினாள். கயிறில்லாத விசிலை மாமா தன் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

வலது காலுக்கு அவள் கட்டினாள், அம்மாவின் முடிச்சு. இடது காலை மாமா தானே கட்டுவதாகச் சொல்லித் தரையில் உட்கார்ந்தார்.

“உங்களுக்கு அந்த முடிச்சு வராதே மாமா.”

“எப்படி வரும்? நான் நடக்கவே இல்லையே. அவதானே நடந்தா.”

அவர் போட்டது சாதாரண முடிச்சு, ஒரு காது பெரிதாக, ஒரு காது சின்னதாக. அவிழ்ந்துவிடும். பிரித்துக் கட்ட அவள் கை நீண்டது. பிறகு கையை எடுத்துக்கொண்டாள்.

தகனக்கூடத்தில் அந்த மனிதர் குனிந்து, அடித்துணியைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார்.

“யாரு தெச்சது?”

“நான்தான்.”

“ரொம்ப உறுதியா இருக்கேம்மா.”

“நடக்கணுமில்ல,” என்றாள்.

அவர் தலையசைத்துவிட்டு நகர்ந்து வழிவிட்டார்.

வீடு திரும்பியபோது வெளிச்சம் இன்னும் இருந்தது. மாமா கூடத்தில் நாற்காலியிலேயே தூங்கிப்போனார், வெறுங்கால்கள் இரண்டும் தரையில் பரப்பியபடி. கணவன் அவளைப் படுக்கையறைக்கு அழைத்துப்போனான்.

“கொஞ்ச நேரம் படு.”

கால்மாட்டில் கித்தான் கிடந்த இடம் மற்ற விரிப்பைவிட வெளுப்பாகச் சதுரமாகத் தெரிந்தது. அவள் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்தாள்.

“வேற ஏதாவது துணி எடுத்துப் போடட்டுமா?”

“இருங்க.”

குனிந்து வலது கயிற்றை இழுத்தாள். பிறகு இடது. ஷூக்களைக் கட்டிலுக்குப் பக்கத்தில், முனை கதவைப் பார்க்க, கயிறுகளை நன்றாகத் தளர்த்தி வைத்தாள். காலுறைகளை அவற்றுக்குள் சுருட்டிப் போட்டாள்.

அவன் மின்விசிறியைப் போட்டுவிட்டுத் திரைச்சீலையை இழுத்தான். காற்று விரல்களுக்கிடையில் போய் வந்தது. அவள் கால்களை இழுத்துக்கொள்ளவில்லை.