லண்டன் மாடல்

பினாங்கில் வியாபாரம் செய்த செய்யது அலாவுதீன் மரைக்காயரிடம் ஏழு வருடமாக டிரைவராக இருந்தேன். கார் ஓட்டுவது பாதி வேலை. அவர் சொல்வதற்கெல்லாம் தலையாட்டுவது மீதி வேலை. 1929இல் ஒரே ஒரு முறை ஆட்டத் தவறினேன்.

மகள் சபூராவின் கல்யாண ஊர்வலத்தில் மாப்பிள்ளையை அழைத்துவர அவருக்குப் புதுக் கார் வேண்டியிருந்தது. பினாங்கு ஏஜெண்டு கடையில் நின்றதெல்லாம் கலோனியல் மாடல். நம்மைப் போன்ற காலனி நாட்டு வெயிலுக்கும் மேடு பள்ளத்துக்கும் என்று கம்பெனியே தனியாகச் செய்தது. உயரமான உடம்பு, பெரிய ரேடியேட்டர். மரைக்காயருக்கு அந்தப் பெயரே பிடிக்கவில்லை. நல்லதை லண்டனில் வைத்துக்கொண்டு கழிசலை நம் தலையில் கட்டுகிறான் வெள்ளைக்காரன் என்றார்.

"இங்க இருக்கிற தொரமாரும் இதத்தான் ஓட்டுறாங்க மொதலாளி," என்றேன்.

"அவனுங்க லண்டன்ல பொழைக்க முடியாம இங்க வந்தவனுங்க. எனக்கு லண்டன்ல ஓடுற கார்தான் வேணும்."

நாலு மாதத்தில் கப்பலில் வந்து இறங்கியது. அழகுதான், பொய் சொல்ல மாட்டேன். சின்ன ரேடியேட்டர், கம்பளி தைத்த சீட்டு, காலுக்கு ஆட்டுத்தோல் விரிப்பு. கண்ணாடி பாதிக்கு மேல் இறங்காது. முதல் நாள் பக்கத்தில் இருக்கிற ஆயர் ஈத்தாம் போவதற்குள் இரண்டு முறை நிறுத்தித் தண்ணீர் ஊற்றினேன். அதைச் சொன்னபோது, புது வண்டி கொஞ்சம் கூச்சப்படும் என்றார்.

கல்யாணத்தன்று சாயங்கால அஸர் தொழுகை முடிந்து ஊர்வலம் கிளம்பியது. முன்னால் பேண்டு வாத்தியம், பின்னால் நான், எனக்குப் பின்னால் பூத்திரைக்குள் வியர்வையில் ஊறிக்கொண்டு மாப்பிள்ளை. வாத்தியக்காரர்கள் நடக்கிற வேகத்துக்குத்தான் கார் ஊரலாம். லண்டனில் யாரும் இப்படி ஓட்டிப் பார்த்திருக்க மாட்டார்கள். பினாங்கு ரோட்டில் திரும்பும்போது ஆவி சீறிக்கொண்டு கிளம்ப, இஞ்சின் படுத்துவிட்டது.

மாப்பிள்ளை பெண் வீட்டு வாசலில்தான் இறங்க வேண்டும். நடுவழியில் இறங்கினால் சபூராவை ஆயுசுக்கும் குத்திக் காட்டுவார்கள். மாப்பிள்ளையின் சித்தப்பா முகம்மது காசிம் தன் கலோனியல் காரைப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்திக் கதவைத் திறந்துவிட்டார். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

கூடவே நடந்துவந்த மரைக்காயர் முகத்தில் ரத்தமே இல்லை. ஏழு வருடத்தில் அன்றுதான் அந்த மனுஷன் எனக்குப் பாவமாகப் பட்டார். இறங்கிப் போய்க் கிட்டங்கியில் மூட்டை சுமக்கும் ஆட்கள் எட்டுப் பேரைக் கூப்பிட்டு, வண்டியைத் தள்ளச் சொன்னேன்.

என்ன கூத்து இது என்று முகம்மது காசிம் கேட்டார்.

"லண்டன்ல மாப்பிள்ள கார்ல இஞ்சின ஓட விட மாட்டாங்க மொதலாளி. பொகையும் சத்தமும் மரியாத இல்லையாம். ஆளுங்கதான் தள்ளணும்லா."

எல்லோரும் மரைக்காயரைப் பார்த்தார்கள். அவர் மெதுவாகத் தலையாட்டினார். நான் ஏறி ஸ்டியரிங்கைப் பிடித்தேன். பேண்டு மறுபடி முழங்கியது. பெண் வீட்டு வாசல்வரை மாப்பிள்ளையின் கால் தரையில் படவில்லை.

அடுத்த மாதம் முகம்மது காசிம் வீட்டுக் கல்யாணம். ஒரு குறையும் இல்லாத அவருடைய கலோனியல் கார், இஞ்சினை அணைத்துவிட்டு வந்தது. பன்னிரண்டு பேர் தள்ளினார்கள்.

வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த மரைக்காயர் என் பக்கம் குனிந்தார்.

"கலோனியல் வண்டியத் தள்ளுறதுல என்ன பெரும இருக்கு, அய்யாக்கண்ணு?"

நான் தலையாட்டினேன்.