பத்து விரல் மொபைல்

பாறசாலைச் சந்தை முக்கில் இருபது வருடமாக டைப்ரைட்டிங் வகுப்பு நடத்திவந்த செல்லசாமி சாருக்கு வேதவாக்கு இரண்டுதான்: முதுகு வளையக்கூடாது, கண் கீழே போகக்கூடாது.

தொண்ணூற்றொன்பதில் வகுப்பு காற்றாடியது. பிள்ளைகள் கம்ப்யூட்டர் படிக்க நெய்யாற்றின்கரைக்கு பஸ் ஏறினார்கள். பயந்துபோன சார், ஏழு மெஷினையும் காட்டாக்கடை வியாபாரியிடம் தள்ளிவிட்டு ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார். விற்றவன் அதில் எமுலேட்டர் ஒன்றும் போட்டுக் கொடுத்தான். திரையில் ஒரு மொபைல் போன் தெரியும். மவுசால் பொத்தானை அழுத்தினால் நிஜ போன் போலவே நடித்துக்காட்டும். ஊரில் நிஜ போனைக் கண்டவர் மூன்று பேர், தொட்டவர் யாருமில்லை. சார் துணிந்து ‘மொபைல் போன் பயிற்சி’ என்று போர்டு எழுதினார்.

மவுஸ்தான் அவருக்குப் பிடிக்கவில்லை. ஒன்பது விரல் சும்மா இருக்க ஒரு விரல் மட்டும் உழைப்பதா? கீபோர்டில் எந்த வேலைக்கு எந்த விசை என்று நாமே மாற்றிக்கொள்ளலாம் என்று தெரிந்ததும் விடுவாரா? இடது சுண்டுவிரலுக்கு அழைப்பு, வலது சுண்டுவிரலுக்குத் துண்டிப்பு, நடுவில் எண்கள். கீபோர்டைத் துண்டால் மூடினார். டைப்ரைட்டிங் பரீட்சை மாதிரியே, நிமிடத்துக்கு எட்டு அழைப்பு போட்டால் லோயர், பதினைந்து போட்டால் ஹையர்.

ஹையரில் முதலாவது, செங்கல் ஊர்க்காரி பிரசீதா. முன்பு அவரிடமே டைப் படித்தவள். நெய்யாற்றின்கரையில் புதிதாகத் திறந்த மொபைல் கடைக்கு நேர்முகத்துக்குப் போனாள். அவளுக்கு வேலை கிடைத்தால் வகுப்பு பிழைக்கும், இல்லையென்றால் ஷட்டரை இழுக்க வேண்டியதுதான். அன்று சாருக்குச் சோறு இறங்கவில்லை.

சாயங்காலம் லட்டுப் பொட்டலத்தோடு வந்தாள். வேலை கிடைத்துவிட்டது. சார் சாக்பீசோடு போர்டுக்கு ஓடினார்.

“நிமிஷத்துக்கு எத்தற போன் கால் போட்டெ மக்கா?”

“ஒண்ணும் போடேல்ல சாரே. போனு உள்ளங்கையளவாக்கும். பத்து விரலையும் எங்க வைக்க? கண்ண மூடிட்டு நின்னேன். அவிய சிரிச்சாவ.”

வெளியே வரும்போது கடை மூலையில் ஒருவன் டைப்ரைட்டரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தானாம். ஓர் எழுத்து ஒட்டிக்கொண்டு எழும்பவில்லை. இவள் பக்கவாட்டில் ஒரு தட்டு தட்டி, நிமிர்ந்து உட்கார்ந்து, கீழே பாராமல் அவன் பாதியில் விட்ட விண்ணப்பம் முழுவதையும் அடித்துக் கொடுத்தாளாம். முதலாளி திங்கட்கிழமையே வரச் சொல்லிவிட்டார்.

“காட்டாக்கடையில வாங்கினதாம். நம்ம மூணாம் நம்பர் மெஷினாக்கும் சாரே.”

சார் காலியாகக் கிடந்த ஏழு மேசைகளையும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு போர்டில், ‘மொபைல் பயிற்சி: எங்கள் மாணவிக்கு மொபைல் கடையில் வேலை’ என்று எழுதினார். அதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை. எழுதி முடிக்கும்வரை மேசைகள் பக்கம் மட்டும் அவர் திரும்பவில்லை.