பிழை பார்த்தவள்

காலை ஒன்பது மணிக்கு எங்களுக்கு ஸ்னூனி என்கிற சிற்றுண்டி இடைவேளை. சுவிஸில், வில் என்ற நகரத்தில் ஒரு முதியோர் இல்லத்தின் சலவைக்கூடத்தில் பதினேழு வருடமாக வேலை செய்கிறேன். அந்தக் கால் மணி நேரத்தில் மற்றப் பெண்கள் பாணும் சீஸும் சாப்பிடுவார்கள். நான் கலாவதியின் செபத்தை வாசிப்பேன். பக்தியாக வாசிப்பேன் என்று நினைக்க வேண்டாம். கண்ணுக்குள் எண்ணெய் விட்டுக்கொண்டு பிழை தேடி வாசிப்பேன். எங்கள் தமிழ்ப் பங்கின் வாட்ஸ்அப் குழுவில் ஒவ்வொரு நாளும் விடியவே அவளுடைய 'இன்றைய இறைசிந்தனை' வந்து விழும். ஒருநாள் வந்தது பொறுமையைப் பற்றி. மூன்று தரம் வாசித்தேன். ஒரு ஒற்றுப்பிழைகூட இல்லை. கீழே நாற்பத்து மூன்று பேர் கைகூப்பியிருந்தார்கள். என் மனுசன் நோபேட்டும் கூப்பியிருந்தார். வீட்டில் சாப்பாட்டுக்கு முன் சிலுவை போடச் சொன்னால் பசிக்குது என்கிற ஆள்.

இதைப் பொறாமை என்று சொல்லலாம். நான் வேறு பெயர் வைக்கப்போவதில்லை. எனக்கு வயிறு எரிந்தது, எரிந்துகொண்டே இருந்தது, ஐந்து வருடமாக.

நான் பேசாலையில் பிறந்தவள். எங்கள் வீட்டில் பிள்ளைகள் பேசத் தொடங்கும் முன்பே கைகூப்பப் பழகிவிடும். இங்கே வந்த பிறகு, மாதம் ஒருமுறை நடக்கும் தமிழ்ப் பூசைக்கு மன்றாட்டுகள் எழுதியது நான். பத்தொன்பது வருடம். கலியாணம் என்றால் திருப்பலிக் கையேடு செய்வதும் நான்தான். முன்பக்கத்தில் பொம்பிளை மாப்பிள்ளையின் பெயர், உள்ளே வாசகங்கள், பாட்டுகள், மணமக்களுக்கான மன்றாட்டு, எல்லாம். முப்பத்தொரு சோடிக்குச் செய்திருக்கிறேன். அதில் இரண்டு சோடி பிரிந்துவிட்டது. அது என் மன்றாட்டின் குற்றமில்லை.

கலாவதி சைவக் குடும்பத்துப் பெண். நாற்பத்தெட்டு வயதில் தானாக விரும்பி வந்து, ஓர் உயிர்ப்புத் திருவிழாவில் திருமுழுக்குப் பெற்றாள். அவளுக்கு ஞானத்தாயாக நிற்க ஆள் இல்லை என்று பாதர் கேட்டபோது, நான் நிற்கிறேன் என்று கையைத் தூக்கினேன். அந்தக் கையைத்தான் நான் இன்றைக்கும் நொந்துகொள்வது. ஒரு வருடம் கழிய அவள் ஓர் இணையத்தளம் தொடங்கினாள். மறையுரைக்கான குறிப்புகள் ஒரு பக்கம், திருமணத்துக்கானவை ஒரு பக்கம், தனிச்செபத்துக்கானவை இன்னொரு பக்கம். வேலையில்லாதவருக்கு ஒரு செபம், விசா கிடைக்காதவருக்கு ஒரு செபம், பிள்ளை தமிழ் பேசாத தாய்க்கு ஒரு செபம். ஆராவிலிருந்து வரும் பாதரே அதைப் பார்த்துத்தான் பிரசங்கம் வைக்கிறார் என்று ஊர் முழுக்கத் தெரியும். பீடத்தில் அவர் தாளைப் புரட்டும்போது எனக்கு எழுத்தின் அளவிலேயே விளங்கிவிடும், கலாவதியின் தாள் என்று. நான் அறியாத வயதிலிருந்து கும்பிட்ட மாதாவைப் பற்றி, நேற்று வந்தவள் எனக்கே கண் கலங்கும்படி எழுதுகிறாள். அவள் மோசமாக எழுதியிருந்தால் எனக்கு அவளை நல்லாகவே பிடித்திருக்கும்.

இதெல்லாவற்றையும் பொறுத்தேன். லேயாவின் கலியாணம்தான் பொறுக்க முடியாமல் போனது. லேயா என் தங்கச்சியின் மகள். அவள் சின்னவளாக இருந்தபோது தங்கச்சி இரண்டு வேலைக்குப் போனாள், பிள்ளை என் வீட்டில்தான் வளர்ந்தது. பதிவுத் திருமணம் வைகாசியில் முடிந்துவிட்டது. கோயில் கலியாணம் ஆவணிக்கு. மாப்பிள்ளை கிஷோபன். அவளுடைய கையேட்டுக்கு என்று நான் மனதில் ஒரு மன்றாட்டு வைத்திருந்தேன், அவளுக்குப் பத்து வயதிலிருந்தே. ஒருநாள் தொலைபேசி எடுத்தாள்.

"பெரியம்மா, ஹெஃப்ட்லி, அதான் கையேட்டு வேலையெல்லாம் கலா அன்ரி பாக்கிறா. தமிழை ஜெர்மன் எழுத்திலயும் போட்டுத் தாறாவாம், கிஷோபன்ட ஃப்ரெண்ட்ஸுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாதுதானே. நீங்கள் கஷ்டப்பட வேண்டாம், என்ன?"

"நல்லம் பிள்ளை. அவவுக்கு வடிவாத் தெரியும்" என்றேன். சொல்லிவிட்டுக் குசினிக்குள் போய் ஒரு காரணமும் இல்லாமல் கழுவின சட்டியைத் திரும்பக் கழுவினேன்.

நோபேட் எட்டிப் பார்த்தார். "உமக்கு உந்த வேலை இல்லையெண்டாச் சந்தோசம்தானே. பிறகு நாரி நோகுதெண்டு புலம்பத் தேவையில்லை" என்றார். முப்பது வருடம் கூட இருந்தும் மனுசனுக்கு எந்த இடத்தில் வாயை மூட வேண்டும் என்று தெரியவில்லை.

கலியாணத்துக்கு ஒன்பது நாள் இருக்கும்போது கலாவதி கையேட்டை எனக்கு அனுப்பினாள். கூடவே குரலில் ஒரு செய்தி. "அக்கா, ஒருக்காப் பாத்துத் தாறீங்களோ? உங்கட கண்ணுக்குத்தான் பிழை தெரியும். வாற கிழமை வெள்ளி மத்தியானம் அடிக்கக் குடுக்க வேணும்."

முப்பத்தொரு கையேடு செய்தவளிடம் பிழை பார்க்கத் தருகிறாள். வேலை முடிந்து வந்து உடுப்புக்கூட மாற்றாமல் கணினியைத் திறந்தேன். அழகாக இருந்தது. அதுவும் எரிந்தது. நான்காம் பக்கத்தில் 'கிஷோபன்கூர்ந்து எழுந்து நிற்கவும்' என்று ஒரு வரி வந்தது. எனக்கு விளங்கவில்லை. தட்டச்சுப் பிழையாக்கும் என்று தாண்டினேன். அடுத்த பக்கத்தில் 'ஆண்டவரே, இவர்களுக்கு கிஷோபன்தாரும்'. பிறகு, கலியாணச் சடங்கு முடிந்து மணமக்கள் மாதா சுரூபத்தின் முன் பூ வைத்துச் சொல்லும் செபம். 'கிஷோபன் நிறைந்த மரியே வாழ்க.'

அப்போதுதான் விளங்கியது. போன வருடம் ரெனானில் எலேனா என்ற பிள்ளைக்குக் கலியாணம் நடந்தது. மாப்பிள்ளையின் பெயர் அருள். அந்தக் கையேட்டையும் கலாவதிதான் செய்தாள். அதையே எடுத்து வைத்துக்கொண்டு, எலேனா வரும் இடமெல்லாம் லேயா, அருள் வரும் இடமெல்லாம் கிஷோபன் என்று மாற்றும்படி கணினியிடம் சொல்லியிருக்கிறாள். கணினிக்கு மாப்பிள்ளை அருள் எது, கடவுளின் அருள் எது என்று என்ன தெரியும்? அது தன் கடமையை ஒழுங்காகச் செய்திருந்தது. கீழே ஜெர்மன் எழுத்தில் இருந்த வரியிலும் அதே கிஷோபன்தான், மாற்றிய பிறகுதான் அதைப் போட்டிருக்கிறாள். நெஞ்சில் பாடமாக இருப்பதைக் கண் ஒழுங்காக வாசிப்பதில்லை. அவளும் வாசித்திருக்க மாட்டாள்.

நான் சிரித்தேன். தனியாக இருந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். அவ்வளவு சந்தோசமாக நான் இருந்து எத்தனையோ வருடம். பிறகு அவளுக்குக் குரலில் பதில் போட்டேன். "நல்லா இருக்கு கலா. மூண்டாம் பக்கத்தில ஒரு கொமா கூடிப்போச்சு. மற்றும்படி ஒண்டும் இல்லை."

இருநூற்றைம்பது பேர் கையில் அந்தக் கையேடு இருக்கும். பாதரின் கையிலும் இருக்கும். கிஷோபன்கூர்ந்து எல்லோரும் எழுந்து நிற்பார்கள். அடுத்த கலியாணக்காரர் யாரிடம் வருவார்கள் என்று பார்ப்போம் என்று நினைத்துக்கொண்டு ஒரு கிழமை துணி மடித்தேன். அந்தக் கிழமை என் மடிப்புகள் நேராக இருந்தன.

வியாழன் பின்னேரம் லேயா எடுத்தாள். "பெரியம்மா, ஒரு ரகசியம். அம்மாவுக்கும் சொல்லேல்லை. மாதாவுக்குப் பூ வைக்கேக்க அந்தச் செபத்தை நான் தனியத் தமிழில சொல்லப்போறன். மைக்கில. நான் ஜெர்மனிலதானே செபிக்கிறனான், எனக்கு இது புதுசு. கலா அன்ரி அனுப்பினதில பாத்துப் பழகிறன். சொல்லிக் காட்டட்டோ?"

நான் ஒன்றும் சொல்ல முதல் சொல்லத் தொடங்கிவிட்டாள். ஒவ்வொரு சொல்லாக, தண்ணீர் தளும்பாமல் குடம் கொண்டுபோகிறவள் மாதிரி. "கிஷோபன் நிறைந்த மரியே வாழ்க." அந்த இடத்தில் அவளுடைய குரல் இறங்கியது. "அவற்ற பேரும் அதுக்குள்ள வருது பெரியம்மா. எனக்கு அழுகை வந்திட்டுது. எங்கட செபத்தில இவ்வளவு வடிவா ஒண்டு இருக்குதெண்டு எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே. சரியாச் சொல்றனோ?"

என் வாயில் அந்தச் சொல் வந்துவிட்டது. அருள் பிள்ளை, அருள். இரண்டு நொடி வேலை. சொன்னால் அவள் உடனே கலாவதிக்கு எடுப்பாள். கலாவதி கேட்பாள், அக்கா நீங்கள் பாத்தனீங்கள்தானே என்று.

"ஓம் பிள்ளை. நல்லாச் சொல்றாய்" என்றேன்.

தொலைபேசியை வைத்த பிறகு எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அடி விழப்போவது கலாவதிக்கு அல்ல, என் பிள்ளைக்கு. மைக்கைப் பிடித்துக்கொண்டு, எல்லோருக்கும் முன்னால், தன் புருசனால் நிறைந்த மரியே என்று சொல்லிச் சிரிப்புக்கிடமாகப் போகிறாள். வெள்ளி மத்தியானம் வரைக்கும் நேரம் இருந்தது. 'கலா, ஒரு பிழை என்ர கண்ணுக்குத் தப்பிப்போச்சு' என்று எழுதினேன். அவ்வளவுதான், தப்பிப்போச்சு என்று சொன்னால் முடிந்தது, யாரும் நம்புவார்கள். அனுப்பும் முன் குழுவில் பாதரின் செய்தி வந்து விழுந்தது. லேயாவின் திருமணக் கையேட்டைப் பார்த்தாராம். கலாவதி அக்காவின் இந்த முயற்சி சுவிஸ் முழுவதும் உள்ள நம் பங்குகளுக்கு ஒரு மாதிரியாக இருக்கட்டுமாம். அதன் கீழே கைகள் கூப்பத் தொடங்கின. ஐந்து, ஒன்பது, பதினான்கு. என் பத்தொன்பது வருடத்துக்கு எந்தப் பாதரும் ஒரு வரி எழுதியதில்லை. பாதரும் பார்த்துவிட்டுத்தானே எழுதுகிறார், அவருக்கே தெரியவில்லை, எனக்கென்ன என்று நினைத்தேன். எழுதியதை அழித்தேன்.

சனிக்கிழமை கோயில் வாசலில் கையேட்டைக் கையில் தந்தார்கள். நல்ல தடித்த தாள். கலாவதி பாடகர் குழுவோடு முன்னால் நின்றாள், என்னைக் கண்டு தலையசைத்தாள். நான் கையேட்டைப் பின்பக்கமாகத் திருப்பினேன். கடைசிப் பக்கத்தில், சின்ன எழுத்தில்: 'பிழை பார்த்து உதவியவர், எனக்குச் சிலுவை போடக் கற்றுத்தந்த என் ஞானத்தாய் திருமதி பற்றிமா நோபேட்.' தன்னுடைய பெயரை அவள் எங்கேயும் போட்டிருக்கவில்லை.

பூசை தொடங்கியது. 'கிஷோபன்கூர்ந்து' வந்த இடத்தில் பின்வரிசையில் பெடியன்கள் குலுங்கினார்கள். பெரியவர்கள் கையேட்டைப் பார்க்காமலே எழுந்து நின்றார்கள். நோபேட் மூக்குக்கண்ணாடியை ஏற்றி அந்த வரியைப் பார்த்தார், கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"இதை நீர் பாத்தனீரோ?"

"ஓம்."

"பாத்திட்டுத்தானோ?"

நான் பீடத்தைப் பார்த்தேன். அவர் கொஞ்சம் தள்ளி இருந்துகொண்டார். ஒரு சாண் இருக்கும்.

வாக்குக் கொடுத்தார்கள், மோதிரம் போட்டார்கள். லேயாவும் கிஷோபனும் மாதா சுரூபத்தை நோக்கிப் போனார்கள். பூவை வைத்தாள். ஒரு பெடியன் மைக்கைக் கொடுத்தான். அவள் கையேட்டை விரித்து, ஜெர்மன் எழுத்து வரியின் கீழே விரலை வைத்து, தாயைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். தங்கச்சிக்கு அப்போதுதான் விளங்கியது, மகள் தமிழில் சொல்லப்போகிறாள் என்று. சேலைத் தலைப்பை வாயில் பொத்திக்கொண்டாள். என் கால் எழும்பிவிட்டது. நான் எழும்பினேன் என்று சொல்ல மாட்டேன். நடுவழியில், இருநூற்றைம்பது பேர் பார்க்க, என் ஐம்பத்தாறு வயதுக்கு ஓடினேன் என்றே சொல்லலாம். லேயாவின் பக்கத்தில் போய் நின்று மைக்கை வாங்கினேன்.

"நான் சொல்லச் சொல்லு பிள்ளை. அருள் நிறைந்த மரியே."

லேயா கையேட்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பதற்றத்தில் மைக்கை அணைக்க எனக்குத் தோன்றவில்லை, அதை எங்கள் இருவருக்கும் நடுவில் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"இல்லை பெரியம்மா, கிஷோபன் எண்டுதானே வரும்" என்றாள். அவளுடைய குரல் கோயிலின் எல்லா மூலையிலும் கேட்டது. "வியாழக்கிழமை சொல்லிக் காட்டேக்க நீங்கள் நல்லாச் சொல்றாய் எண்டுதானே சொன்னீங்கள்."

பெடியன்களின் சிரிப்புக்கூட நின்றுவிட்டது. கலாவதி கையேட்டைத் திறந்தாள். ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினாள், அவசரமில்லாமல். ஓரிடத்தில் அவள் விரல் நின்றது. பிறகு முன்னுக்குத் திரும்பி வேறோரிடத்தில் நின்றது. தலை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் எனக்குப் பதில் பார்வை பார்க்கத் தெரியும். அவள் சும்மா பார்த்தாள், கணக்கு விளங்காத பிள்ளை கரும்பலகையைப் பார்ப்பதுபோல. பிறகு கையேட்டை மூடி மார்போடு அணைத்துக்கொண்டு, தான் நின்ற இடத்திலிருந்தே, மைக் இல்லாமல், அந்தச் செபத்தைத் தொடங்கினாள்.

முதல் சொல்லிலேயே மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள். தங்கச்சி சேர்ந்தாள், பாதர் சேர்ந்தார், நோபேட்டின் கரகரத்த குரல்கூடக் கேட்டது. பின்னால் வராதவர்கள் யாரும் இல்லை. அதையும் அவளே தொடங்கிவிட்டாள் என்று, அந்த இடத்தில் நின்றுகொண்டும் எனக்கு எரிந்தது. நான் வாயைத் திறந்தேன், பிறந்ததிலிருந்து தெரிந்த செபம், ஒரு சொல்லும் வரவில்லை. மைக் என் மூச்சை மட்டும் பெரிதாக்கிக் கோயில் முழுக்க அனுப்பிக்கொண்டிருந்தது. லேயா இன்னும் விரலை எடுக்கவில்லை. அவளுடைய மருதாணிச் சிவப்பு விரல், கிஷோபன் என்ற சொல்லின் கீழேயே நின்றது.